பவர் டில்லரில் எண்ணெய்க் கசிவு

சேற்றுழவு முடித்து நிறுத்திய பவர் டில்லரின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அலட்சியம் வேண்டாம். எண்ணெய் வெளியேறும் வழியே சேற்று நீரும் உள்ளே புகும். ஆனால் உடனே புது ஆயில் சீல் வாங்கவும் ஓட வேண்டாம். முதலில் பல்சக்கரப் பெட்டியின் காற்றுத் துளையைப் பாருங்கள். அது சேற்றால் அடைபட்டால், சூட்டில் உள்ளே அழுத்தம் கூடி நல்ல சீலும் கசியும். அளவுக்கு மீறி எண்ணெய் ஊற்றியிருந்தாலும் இப்படியே.

இன்ஜின் ஆறியபின், டீசல் தோய்த்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்துக் காயவிட்டு, சலித்த சாம்பலைத் தூவிச் சிறிது தூரம் ஓட்டுங்கள். முதலில் நனையும் இடமே கசிவிடம். மூடித் திருகுகள் தளர்ந்திருந்தால் முறுக்கினாலே நின்றுவிடும்.

சுழல் கலப்பையின் தண்டருகே கசிந்தால், சுற்றிக்கொண்ட வைக்கோலும் கயிறும் சீலின் உதட்டை அறுத்திருக்கக்கூடும். இன்ஜினை நிறுத்தி, எண்ணெயை வடித்துச் சீலைக் கழற்றியதும், தண்டை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டும் பள்ளம் இருந்தால் புதுச் சீலும் ஒழுகும். தண்டைப் பட்டறையில் சரிசெய்தாக வேண்டும். பழைய சீலின் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 35-52-7 என்றால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், மில்லிமீட்டரில். வில்வளையம் தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கி இருக்கட்டும். உதட்டில் எண்ணெய் தடவி, மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள்.

வடித்த எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது. அதையே திரும்ப ஊற்றினால் பேரிங்கும் பல்சக்கரமும் தேயும். சீலின் விலை எங்கே, பல்சக்கரத்தின் விலை எங்கே! கையேட்டில் சொன்ன எண்ணெயைக் குறி வரை மட்டும் நிரப்புங்கள்.