கல்யாணப் பத்திரிகையும் வரலாற்றுச் சான்றே

ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் 'வரலாறு என்றால் என்ன?' பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். கல்வெட்டு, செப்பேடு, நாணயம் என்று சான்றுகளைக் கரும்பலகையில் எழுதுவேன், மாணவர்களும் எழுதிக்கொள்வார்கள். அவை எல்லாம் அரசர்களின் பொருள்கள். நம் வீட்டுக்கும் வரலாற்றுக்கும் தொடர்பில்லை என்றே குழந்தைகள் நினைத்துவிடுகிறார்கள்.

சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குச் சென்று வந்த பிறகுதான் இந்தப் பாடத்தை நடத்தும் முறையை மாற்றினேன். காரைக்குடி அருகே கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர் முத்தையா. நூல்கள், இதழ்கள் மட்டுமல்லாமல் நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று பிறர் குப்பையில் போடுவதையும் அவர் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது சேகரிப்பில் ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியும் கடல் கடத்திக் கொண்டுபோகவில்லை. 1994இல் சென்னையிலேயே நூலகமாக்க வழிசெய்தது. இன்று அங்கே நுண்படம் எடுத்தல், மின்னுருவாக்கம், கண்காட்சி, சொற்பொழிவு எல்லாம் நடக்கின்றன. ஐராவதம் மகாதேவன் வழிகாட்டிய சிந்துவெளி ஆய்வு மையமும் 2007 முதல் அங்கே இயங்குகிறது.

ஊர் திரும்பியதும் வகுப்பில் ஒன்றே ஒன்று சொன்னேன்: "வீட்டில் இருக்கும் பழைய காகிதம் ஒன்றைப் பெரியவர்களிடம் கேட்டு வாங்கி வாருங்கள்."

ஒரு மாணவி தன் கொள்ளுப்பாட்டியின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்தாள். அதில் 'விரோதி வருஷம் தை மாதம்' என்று இருந்தது. ஆங்கில ஆண்டு இல்லை. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதைச் சொல்லி, கணக்கை அவர்களிடமே விட்டேன். 1890, 1950, 2010 என்று மூன்று விடைகள் வந்தன. எது சரி? 'லை', 'னை' எழுத்துகள் யானைத் தும்பிக்கை போட்ட பழைய வடிவில் இருப்பதை ஒருவன் கண்டுபிடித்தான். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்ததை விளக்கினேன், 2010 விலகியது. கீழே 'பஸ்ஸை விட்டு இறங்கி' என்று வழி எழுதியிருந்தது. "1890இல் நம்ம ஊருக்கு ஏது சார் பஸ்?" என்றது கடைசி பெஞ்சு. ஆக, 1950 தை. இந்தியா குடியரசானதும் அதே தை மாதத்தில்தான் என்றபோது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அன்றைக்கு நாணயமும் கல்வெட்டும் நடத்த நேரமில்லாமல் போனது. போகட்டும்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில சொற்கள். மூலத்தைப் படமெடுத்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். யார் வீட்டுடையது, எந்த ஊர் என்பதைப் படத்தோடு எழுதிவையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் சான்றின் மதிப்பு பாதி குறைந்துவிடும். மரக்கூழில் செய்த காகிதத்தில் அமிலம் இருப்பதால் அது மஞ்சளித்து நொறுங்கும். அதைக் காப்பாற்றுவதாக நினைத்து லேமினேஷன் செய்வதோ செல்லோடேப் ஒட்டுவதோ கூடாது. சாதிப் பெயர் உள்ள தாள்களை வகுப்பில் காட்டுமுன் யோசியுங்கள்.

இதில் எனக்கு ஒரு குற்ற உணர்வும் உண்டு. முன்பு பணியாற்றிய பள்ளி ஒன்றில், இடம் போதவில்லை என்று ஓர் அலமாரியைக் காலி செய்தோம். மாணவர்கள் பல ஆண்டுகளாக எழுதிய கையெழுத்துப் பத்திரிகைகள் அதில் இருந்தன. சேர்க்கைப் பதிவேட்டைக் காக்க விதி உண்டு, இவற்றுக்கு இல்லை. எடைக்குப் போட்டோம். பட்டியலில் நானும் கையெழுத்திட்டேன்.

சென்ற மாதம் இப்போதைய பள்ளியில் பழைய தாள்களைக் கழிக்கும் பேச்சு வந்தது. "ஒரு வாரம் கொடுங்கள் டீச்சர், பிள்ளைகளோடு பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். இரண்டு மூட்டைகள் பிரித்தாயிற்று; இன்னும் மூன்று இருக்கின்றன.