கப்பி ஏன் ஆடுகிறது?

பதுளை, அப்புத்தளைப் பகுதிகளின் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் கூரையோரமாக நீண்ட இரும்புத் தண்டு ஒன்று சுழன்றது. அதில் பூட்டிய கப்பிகளும் பெல்ட்டுகளுமே இலை உருட்டும் ரோலர்களை ஓட்டின. கப்பியைத் தண்டோடு சேர்த்துச் சுழலவைத்தது ‘கீ’ எனப்படும் சிறு உருக்குத் துண்டு. இடம்பெயர்ந்த இடத்தில் பழைய மா மில் ஒன்றை வாங்கிப் பிழைக்க எண்ணுவோரும் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான்.

தண்டிலும் கப்பித் துளையிலும் வெட்டிய நீளப் பள்ளங்களில் கீ அமரும். 40 மி.மீ. தண்டுக்கு 12 மி.மீ. அகலக் கீ பொருந்தும். நேரான கீயின் பக்கங்கள் இறுக்கமாகவும் மேலே மயிரிழை இடைவெளியும் இருக்கவேண்டும். ஆப்புப் போன்ற கீயோ மேலும் கீழும் இறுகும். அதன் சரிவு 100க்கு 1. அதன் தலை வெளியே நீட்டினால் சாரமும் சேலையும் சிக்கும். கட்டாயம் மூடி போடுங்கள்.

கப்பி ஆடினால் சிலர் தகரம் மடித்துச் செருகுகிறார்கள், சிலர் வெல்டிங் செய்கிறார்கள். இரண்டும் வேண்டாம் என்பதே எமது கருத்து. தகரம் நசுங்கிப் பள்ளம் அகலும். வெல்டிங் செய்தால் பிறகு கழற்றுவது பெரும்பாடு. மில் இடையில் சிக்கி நின்றால் கீ முறியட்டும், தண்டு தப்பும். கீயின் விலை எங்கே, தண்டின் விலை எங்கே! ஆகவே தண்டைவிடக் கடினமான உருக்கில் கீ செய்யாதீர்கள். பள்ளம் அகன்றிருந்தால் கடைச்சல் பட்டறையில் வேறொரு பக்கம் புதிதாக வெட்டிக்கொள்ளலாம்.