பிரெஞ்சு வினை வடிவங்கள்: அசை பிரித்தலும் அழுத்தமும்

தமிழ் யாப்பில் 'பட' என்பது ஒரே நிரையசை. ஆயினும் அதில் இரண்டு உயிரொலிகள் உண்டு. பிரெஞ்சு மொழியிலோ ஓர் அசைக்கு ஓர் உயிரொலி மட்டுமே. ஆகவே காதில் கேட்கும் உயிரொலிகளை எண்ணினால் அசைகளின் எண்ணிக்கை கிடைக்கும்.

(கவனிக்க: 'ஓங்' என்பது மூக்கொலி உயிரைக் குறிக்கும். அதில் 'ங்' தனியே ஒலிக்காது.)

அசை பிரிக்கும் விதிகள்

1. இரு உயிர்களுக்கிடையில் ஒரு மெய்யொலி வந்தால் அது பின் அசையைச் சேரும்.
உ-ம்: ஃபி-னி-ஸோங் (முடிக்கிறோம்). எழுத்தில் 'ஸ்' இரட்டித்தாலும் ஒலியில் ஒன்றே.

2. இரு மெய்யொலிகள் வந்தால் பொதுவாக இரண்டுக்கும் நடுவே பிரிக்க வேண்டும்.
உ-ம்: பார்-லோங் (பேசுகிறோம்).
ஆனால் ப், த், க் போன்றவற்றை ர் அல்லது ல் தொடர்ந்தால் பிரிக்கக் கூடாது.
உ-ம்: மோங்-த்ரோங் (காட்டுகிறோம்).

3. ஒலிக்காத விகுதியை எண்ணக் கூடாது. 'ஈல் பார்ல்' என்பது அவன் பேசுகிறான், அவர்கள் பேசுகிறார்கள் ஆகிய இரண்டுக்கும் பொருந்தும். ஒலி ஒன்று, எழுத்து வேறு. எனவே சொல்வதெழுதும்போது எழுவாய் ஒருமையா பன்மையா என்பதைத் தொடரின் பொருளால் அறிந்த பின்னரே விகுதியை எழுதுக.

அழுத்தம்

அழுத்தம் தனிச்சொல்லுக்கு உரியதன்று. சேர்த்து ஒலிக்கும் சொற்றொகுதியின் இறுதி அசைக்கே உரியது.

நூ பார்-லோங் (நாங்கள் பேசுகிறோம்): அழுத்தம் 'லோங்' மீது.
நூ பார்-லோங் ஃப்ராங்-ஸே (நாங்கள் பிரெஞ்சு பேசுகிறோம்): அழுத்தம் 'ஸே' மீது.

வினைப்பகுதி மாறுவது ஏன்?

'கடமைப்பட்டிருத்தல்' என்னும் பொருளுடைய 'தவ்வார்' வினையின் நிகழ்கால வடிவங்களை நோக்குக.

நான், நீ, அவன்: த்வா
நாங்கள்: த-வோங்
நீங்கள்: த-வே
அவர்கள்: த்வாவ்

இம்மாற்றத்துக்குக் காரணம் பழைய அழுத்தமே. இலத்தீனில் 'நாங்கள்', 'நீங்கள்' வடிவங்களில் அழுத்தம் விகுதியில் விழுந்தது. ஏனையவற்றில் பகுதியில் விழுந்தது. அழுத்தம் பெற்ற உயிர் காலப்போக்கில் திரிந்தது; பெறாத உயிர் மெலிந்தது. 'வருதல்' வினையிலும் இதுவே நிகழ்ந்தது: வ்யாங் (வருகிறேன்), வ-னோங் (வருகிறோம்). எனவே இத்தகைய வினைகளைக் கற்கும்போது 'நாங்கள்', 'நீங்கள்' வடிவங்களை ஒரு தொகுதியாகவும் மற்றவற்றை வேறொரு தொகுதியாகவும் மனனம் செய்க.

பயிற்சி

அசை பிரித்து, அழுத்தம் பெறும் அசையைக் குறிப்பிடுக.
(அ) ஃபினிஸ் (முடிக்கிறார்கள்)
(ஆ) பார்லரோங் (பேசுவோம்)
(இ) பார்லேவூ? (பேசுகிறீர்களா?)

விடைகள்

(அ) ஃபி-னிஸ்; 2 அசைகள்; 'னிஸ்'.
(ஆ) பார்-ல-ரோங், 3 அசைகள், 'ரோங்'.
(இ) பார்-லே-வூ; 3 அசைகள்; 'வூ'.