பரிசோதனைக்கேற்ற சீசாக்கள்

பாசன நீரின் குணாகுணங்களைப் பரிசோதித்தறிந்து பயிரிடுதல் நலம் என்பதைக் குடியானவர்கள் அறிவர். ஆயினும், பரிசோதனையின் முடிவு நீரை மட்டுமன்றி, அந்நீரை வைத்திருக்கும் சீசாவையும் பொறுத்தது என்பது பலருக்குத் தெரிவதில்லை. கண்ணாடி நீரிற் கரையாததாகத் தோன்றினும், அதிலுள்ள பொருள்கள் மிகச் சிறிய அளவில் நீரிற் கலக்கின்றன.

சாதாரணக் கண்ணாடி மணல், சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றை உருக்கிச் செய்யப்படுவது. வெந்நீரும் காரமும் இதனை அரிக்கும். திடீரெனச் சூடேற்றினால் வெடிக்கும். உலர்ந்த உப்புக்களையும் விதைகளையும் வைப்பதற்கு இதனாற் செய்த வாயகன்ற சாடிகளே போதும்.

சூடேற்றும் வேலைகளுக்குப் போரோசிலிகேட் கண்ணாடி உகந்தது. இவ்வகைக் கண்ணாடியை ஜெர்மனியில் ஓட்டோ ஷாட் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உண்டாக்கினார். 1915-ல் அமெரிக்காவில் பைரெக்ஸ் என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. சூட்டினால் இது விரியும் அளவு, சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே.

எனினும், இதில் நூற்றுக்குச் சுமார் 13 பங்கு போரான் ஆக்ஸைடு உண்டு. எலுமிச்சை போன்ற மரங்களுக்கு லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்கு மேற்பட்ட போரானும் தீங்கு விளைக்கக்கூடும். ஆகையால், போரான் அளவறிய வேண்டிய நீரை இச்சீசாவில் வைத்தலாகாது; பாலிதீன் புட்டியே ஏற்றது.

வெளிச்சத்தால் கெடும் வெள்ளி நைட்ரேட், அயோடின் கரைசல்களைப் பழுப்பு நிறச் சீசாக்களில் வைத்தல் வேண்டும். அயோடினுக்கு ரப்பர் அடைப்பான் கூடாது. கண்ணாடி அடைப்பானே தக்கது. காஸ்டிக் சோடாக் கரைசலுக்கோ கண்ணாடி அடைப்பான் ஆகாது. அது சீசாவின் கழுத்தில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அக்கரைசலைத் திருகு மூடியுள்ள பாலிதீன் புட்டியில் வைப்பதே நன்று.

நீர் மாதிரி அனுப்புவோர் மண்ணெண்ணெய், மருந்து, பூச்சிகொல்லி இருந்த புட்டிகளை உபயோகிக்கலாகாது. சுத்தமான புட்டியை, எடுக்கும் நீராலேயே இரண்டு மூன்று முறை அலசி, பின்னர் நிரப்பி மூடி, கிணற்றின் அடையாளத்தையும் தேதியையும் எழுதி ஒட்டுதல் அவசியம். சீசாவின் குற்றம் நீரின் குற்றமெனக் கொள்ளப்படின், நல்ல கிணறும் பயனற்றதென ஒதுக்கப்படும். அந்நஷ்டம் குடியானவரையே சாரும்.