விட்டால் மட்டும் போதுமா?
(மீனை நோகாமல் பிடித்து, பிழைக்க விடுவது பற்றி ஒரு பாடம்)



சித்தன்னவாசல் குகைக் கோயிலுக்குள் போய் அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியும்? தாமரைக் குளம். அதில் யானை, எருமை, வாத்து, நிறைய மீன்கள். குளத்துக்குள் இறங்கி நிற்கும் மனிதர்களும் உண்டு. 9-ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. சமணக் கோயில் அது. குளத்தில் நிற்கிறவர்கள் பறிப்பது தாமரைப் பூவைத்தான். ஒருவர் கையிலும் தூண்டில் இல்லை.

நம் கையில் இருக்கிறது. லீவு விட்டால் கண்மாய்க்கரையில்தான் கிடக்கிறோம். "நான் புடிச்சிட்டு விட்டுடுவேன், கொல்ல மாட்டேன்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் நம் வகுப்பிலேயே பத்துப் பேர் உண்டு. நானும் அப்படிச் சொன்னவள்தான். அது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

தீபாவளி லீவு. மழை பெய்து கண்மாயில் பாதித் தண்ணீர் வந்திருந்தது. கரையோரம் கோரைப்புல்லுக்குப் பக்கத்தில் செக்கச் செவேல் என்று ஒரு கூட்டம் மேலே வந்து வந்து போனது. விரால் குஞ்சுகள்! கீழே பெரிய விரால் காவல் இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சின்னத் தவளையைக் குத்தி அந்தக் கூட்டத்து மேலேயே தூண்டிலைப் போட்டேன். ஒரே பாய்ச்சல். மாட்டிக்கொண்டது.

நாலாவது படிக்கும் என் தம்பி குதித்தான். மீனை இழுத்துக் கரையில் சரளைக்கல் மேல் போட்டோம். துள்ளித் துள்ளி உடம்பெல்லாம் மண். வழுக்கியதால் காய்ந்த துண்டைப் போட்டு அமுக்கினேன். முள்ளை முழுங்கியிருந்தது. வெடுக்கென்று இழுத்தேன். செவுள் பக்கம் ரத்தம் வந்தது. செல்போனில் போட்டோ வேறு எடுத்தோம். பிறகு தம்பி, "பாவம்க்கா, விட்டுருவோம்" என்றான். தூக்கித் தண்ணீரில் வீசினேன். உள்ளே போய்விட்டது. இருவருக்கும் ஒரே சந்தோஷம்.

மறுநாள் காலையில் அதே இடத்தில் விரால் வெள்ளை வயிறு தெரிய மிதந்தது. குஞ்சுக் கூட்டத்தைத் தேடினேன். காணோம். நாலைந்து கொக்குகள்தான் நின்றன. தம்பி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான்: "நாமதான் விட்டோமேக்கா, ஏன் செத்துச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடித்தான் அறிவியல் ஆசிரியரிடமும், மீன்பிடித் திருவிழா என்றால் ஊத்தாவோடு முதல் ஆளாக நிற்கும் என் சித்தப்பாவிடமும், நூலகத்திலும் இணையத்திலும் அலைந்தேன்.

மீன் ஏன் செத்தது?

முதல் காரணம், வழுவழுப்பு. மீன் மேலே இருக்கும் வழுவழுப்பு அழுக்கு இல்லை. அதுதான் மீனுக்குச் சட்டை. பூஞ்சையும் கிருமியும் உடம்பில் ஏறாமல் தடுப்பது அதுதான். காய்ந்த கை, துண்டு, சுடுமண் எது பட்டாலும் அது உரிந்து போகும். அன்றைக்கு நீந்திப் போகிற மீன் சில நாள் கழித்துப் புண் வந்து சாகும். நாம் பார்க்க மாட்டோம். அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம், மூச்சு. ஒரு லிட்டர் காற்றில் 250 மில்லிகிராமுக்கும் மேல் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கக் கூடியது சுமார் 7.5 மில்லிகிராம்தான். அப்படியானால் வெளியே வந்த மீன் நன்றாக மூச்சு விட வேண்டாமா? முடியாது. செவுளில் இருக்கும் மெல்லிய இழைகள் தண்ணீரில்தான் விரிந்து நிற்கும். வெளியே எடுத்ததும் நனைந்த தலைமுடி மாதிரி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

1992-இல் கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இரண்டு பேர் 'வானவில் டிரவுட்' என்ற மீனை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தூண்டிலில் போராடுவது போல் மீனைக் களைக்கும்வரை ஓடவிட்டார்கள். அப்படியே தண்ணீரில் விட்டவற்றில் 100-க்கு 88 வீதம் பிழைத்தன. ஓடவிட்டு 30 வினாடி காற்றில் வைத்தவற்றில் 62. ஒரு நிமிடம் வைத்தவற்றில் 28 தான்! அது குளிர்ந்த நீர் மீன். நம்ம கெண்டைக்கு அதே கணக்கு வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு போட்டோ எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

'விரால்தான் வெளிக்காற்றையும் மூச்சாக இழுக்குமே' என்று கேட்கலாம். உண்மை. அதனால்தான் அது கொஞ்ச நேரம் தாங்கியது. தாங்கியதைப் பார்த்து நான்தான் ஏமாந்தேன்.

மூன்றாவது காரணம், முள். தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்பக்கமாக ஒரு குட்டி முள் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே போக விடும், வெளியே வர விடாது. அதை இழுத்தால் சதையும் சேர்ந்து வரும். செவுள் கிழிந்தால் மீன் பிழைப்பது அரிது.

நான்காவது காரணம் நான் போட்ட இடம். விரால் குஞ்சு பெரிதாகும்வரை தாயும் தகப்பனும் காவல் காக்கும். குஞ்சுக்குப் பக்கத்தில் எது விழுந்தாலும் பாயும். அது பசியில் கடிக்கவில்லை, காவலுக்குக் கடித்தது. ஒரு மீனைத்தான் பிடித்தேன் என்று நினைத்தேன். அழிந்தது ஒரு குடும்பம்.

தம்பிக்கும் கூட்டாளிகளுக்கும் சொல்லிக்கொடுத்த பாடம்

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு எங்கள் தெருச் சின்னப் பிள்ளைகள் ஐந்து பேருக்குச் சொல்லிக்கொடுத்தோம். தூண்டிலைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் வீட்டு வாசலிலேயே பாதிப் பாடம் நடந்தது.

1. சோப்புப் பாடம்: வாளித் தண்ணீரில் ஒரு குளியல் சோப்பைப் போட்டு, "அமுக்காம எடுத்து, அமுக்காம திரும்ப உள்ள விடு" என்று சொன்னோம். அமுக்கினால் சோப்பு பீறிட்டு ஓடும். உள்ளங்கையில் ஏந்தினால் நிற்கும். மீனையும் அப்படித்தான் ஏந்த வேண்டும். வயிற்றை அமுக்கவே கூடாது. செவுளுக்குள் விரல் விடக்கூடாது.

2. மூச்சுப் பாடம்: மீன் வெளியே வந்த நொடியில் பிடித்தவன் தன் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தனக்கு மூச்சு முட்டுவதற்குள் மீன் தண்ணீருக்குள் போயிருக்க வேண்டும். இந்தப் பாடம் சின்னப் பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிட்டது.

3. முள் பாடம்: சித்தப்பா குறடால் அந்தக் குட்டி முள்ளை நசுக்கிச் சமமாக்கினார். பழைய துணியில் குத்தி இழுத்துப் பார்த்தோம். நூலைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. "மீன் தப்பிச்சிருமே சித்தப்பா?" என்று தம்பி கேட்டான். "விடத்தானடா போற, தப்பிச்சா உனக்கென்ன நட்டம்?" என்றார். யாரும் பதில் பேசவில்லை.

இனி கண்மாயில் செய்தவை:

4. தவளை வேண்டாம், மாவு உருண்டை போதும். தக்கை அசைந்ததும் உடனே இழுக்க வேண்டும். விளையாட்டுப் பராக்கில் விட்டால் மீன் முள்ளை முழுங்கிவிடும்.

5. மீனைக் கரைக்குக் கொண்டு வராதீர்கள். வாளியைத் தண்ணீர் நிரப்பித் தயாராக வைத்து, அதற்குள்ளேயே முள்ளைக் கழற்றுங்கள். அதற்கு முன் இரண்டு கையையும் நன்றாக நனையுங்கள்.

6. முள் தொண்டைக்குள் போயிருந்தால் இழுக்கவே இழுக்காதீர்கள். வாய்க்குப் பக்கத்தில் தங்கூசி நரம்பை வெட்டிவிட்டு மீனை விடுங்கள். பிடுங்குவதைவிட இப்படி விட்ட மீன்களே அதிகம் பிழைக்கின்றன.

7. வீசாதீர்கள். தண்ணீருக்குள் கையால் தாங்கிப் பிடியுங்கள். தானாக வாலை அடித்துப் போகும்வரை காத்திருங்கள்.

8. கெளுத்தியைச் சின்னப் பிள்ளைகள் தொடவே கூடாது. அதன் துடுப்பு முள் குத்தினால் கடுகடுவென்று வலிக்கும். பெரியவர்தான் கழற்ற வேண்டும்.

அன்று ஐந்து கெண்டைகள் மாட்டின. நான்கு நன்றாக நீந்திப் போயின. ஒன்று முழுங்கிவிட்டது, நரம்பை வெட்டி விட்டோம். அது பிழைத்ததா என்று தெரியாது. நோட்டில் "தெரியாது" என்றே எழுதினோம். ஐந்தோடு நிறுத்திவிட்டு வந்தோம்.

எதை விடலாம்? எதை விடக்கூடாது?

இங்கேதான் நான் எதிர்பாராத ஒன்றைத் தெரிந்துகொண்டேன். எல்லா மீனையும் எல்லா இடத்திலும் விடுவது நல்லது இல்லை. நாம் சிலேபி என்று சொல்லும் மீன் நம் நாட்டு மீனே இல்லை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. தாய் மீன் முட்டையை வாய்க்குள் வைத்துக் காப்பதால் வேகமாகப் பெருகும். ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் மோசம், மற்ற மீனையெல்லாம் தின்றுவிடும். அதை வளர்ப்பதற்கே இந்தியாவில் தடை இருக்கிறது. இவை மாட்டினால் வீட்டில் குழம்பு வைக்கக் கொடுங்கள். ஒரு கண்மாயில் பிடித்ததை இன்னொரு கண்மாயில் கொண்டுபோய் விடாதீர்கள். தொட்டியில் வளர்த்த கலர் மீனையும் விடாதீர்கள்.

இதற்குக் காவிரியே சாட்சி. காவிரியில் 'மகசீர்' என்ற பெரிய மீன் உண்டு. அதன் கிளை நதியான கபினியில் 1946-இல் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடையில் ஒன்று பிடிபட்டது. பின்னாளில் வெடி போட்டுப் பிடித்ததில் மகசீர் குறைந்து போனது. அதைக் காப்பாற்ற, ஒகேனக்கல்லுக்கு மேலே கர்நாடகப் பகுதியில் முகாம்கள் அமைத்து, பிடித்த மகசீரை எடை பார்த்து, நோட்டில் எழுதி, திரும்ப ஆற்றில் விட்டார்கள். முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்த ஊர்க்காரர்கள் சிலரே அங்கே காவலாளிகளாகவும் வழிகாட்டிகளாகவும் ஆனார்கள்.

1998 முதல் 2012 வரை ஒரு முகாமில் எழுதி வைத்த 6,000-க்கும் மேற்பட்ட மீன்களின் கணக்கை ஆய்வாளர்கள் பிறகு எடுத்துப் பார்த்தார்கள். அதிர்ச்சி! மொத்த மகசீர்கள் கூடியிருந்தன. ஆனால் காவிரிக்கே சொந்தமான திமில் மகசீர் குறைந்துகொண்டே போயிருந்தது. கூடியது, வெளியிலிருந்து கொண்டுவந்து ஆற்றில் விட்ட வேறொரு மகசீர் இனம். 2018-இல் திமில் மகசீரை உலகில் மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். நல்ல எண்ணத்தோடு விட்டதும் கெடுதலாக முடியலாம் என்பது ஒரு பாடம். நோட்டில் எழுதாமல் இருந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது என்பது இன்னொரு பாடம்.

அப்பத்தா கேட்ட கேள்வி

"திங்கிறதுக்குப் புடிச்சா சரி. திங்காம விடுறதுக்கு எதுக்குத்தா அதும் வாயில குத்துற?" என்று அப்பத்தா கேட்டார். நான் ரொம்ப நாள் யோசித்தேன். அப்பத்தா கேட்டது நியாயம். முள்ளை எவ்வளவு நசுக்கினாலும் குத்தத்தான் செய்யும். ஆகையால் இப்போது நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்கு இதுதான்:

* மீனைப் பார்க்க ஆசை என்றால் தூண்டில் வேண்டாம். வாய்க்கால் ஓரத்தில் ஈரத் துண்டால் அயிரையை அள்ளி, கண்ணாடிப் பாட்டில் தண்ணீரில் வைத்துப் பார்த்துவிட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம்.

* குழம்புக்குப் பிடித்தால் தேவைக்கு மட்டும் பிடிக்க வேண்டும். குஞ்சும், முட்டை வயிற்று மீனும் மாட்டினால் மேலே சொன்ன முறையில் விட வேண்டும்.

* ஐப்பசி, கார்த்திகையில் குஞ்சுக் கூட்டம் தெரியும் இடத்தில் தூண்டில் போடக்கூடாது. நம் மாவட்டத்துக் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்தில் மீன் குஞ்சு பொரிக்க வேண்டும் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பிழைப்பே அதுதான் என்கிறவர்கள் 61 நாள் பொறுக்கும்போது விளையாட்டுக்குப் பிடிக்கிற நாம் பொறுக்கக் கூடாதா?

* சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றிச் சுடும்போது பிடித்து விடும் விளையாட்டே வேண்டாம். அப்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. களைத்த மீன் தேறாது.

* குத்தகைக்கு விட்ட கண்மாயில் கேட்காமல் போடக்கூடாது. குன்றில் உள்ள சுனைப் பக்கம் தூண்டிலோடு போகவே கூடாது, அது பாதுகாக்கப்பட்ட இடம்.

* எல்லாவற்றுக்கும் மேலாக, பெரியவர் துணை இல்லாமல் சின்னப் பிள்ளைகள் தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது. மீன் உயிரைப் பற்றிப் பேசுகிற நாம் நம் உயிரை மறக்கலாமா?

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டுத் தூண்டில் முள்ளைத் துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள். என்ன ஆகிறது?

2. நீங்கள் மீனோடு எடுத்த போட்டோ ஒன்றைப் பாருங்கள். கை நனைந்திருக்கிறதா? மீன் எதன் மேல் கிடக்கிறது?

3. பிடித்த மீன், விட்ட மீன், இடம், தேதி எழுத ஒரு நோட்டுப் போடுங்கள். தெரியாததைத் "தெரியாது" என்றே எழுதுங்கள்.

தம்பி கேட்ட கேள்விக்கு இப்போது பதில் தெரியும். "நாம அதைத் தண்ணியிலதான் விட்டோம்டா, பிழைக்க விடல" என்று சொன்னேன். அடுத்த முறை குகைக் கோயிலுக்குப் போகும்போது அந்தத் தாமரைக் குளத்து மீன்களை நின்று பாருங்கள் நண்பர்களே. கூரையில் இருப்பதை அரசாங்கம் காப்பாற்றும். கண்மாயில் இருப்பதை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.



— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி