கையும் கண்ணும் காக்கும் பணத்தாள்

நுழையும்முன்
நம் கைக்கு வரும் பணத்தாள் உண்மையானதா, போலியானதா என்பதை எவ்வாறு அறிவது? டென்மார்க் நாட்டின் பழைய தாள் ஒன்றைக் கொண்டு இதனைக் கற்போம்.

பாடம்
டென்மார்க்கின் மைய வங்கி 1997ஆம் ஆண்டில் 500 குரோனர் மதிப்புள்ள நீலநிறத் தாளை வெளியிட்டது. அணுவின் அமைப்பை ஆராய்ந்து, 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற நீல்ஸ் போர் என்னும் அறிஞரின் உருவம் அதன் முன்பக்கத்தில் உள்ளது. பின்பக்கத்தில் வீரன் ஒருவன் டிராகன் என்னும் கற்பனை விலங்கோடு போரிடுகிறான். இக்காட்சி பழைய தேவாலயம் ஒன்றின் புடைப்புச் சிற்பத்தைத் தழுவியது.

முகத்தை வரைந்தது அழகுக்காக மட்டுமன்று. பழகிய முகத்தில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் மனிதக் கண் அதனை எளிதில் கண்டுகொள்ளும். ஆதலால் நுண்கோடுகளால் ஆன முகத்தைப் பிழையின்றிப் போலி செய்தல் அரிது.

இத்தாளை மூன்று வகையில் சோதிக்கலாம். முதலாவது, தொட்டுப் பார்த்தல். உலோகத் தகட்டில் செதுக்கிய கோடுகளில் மையை நிரப்பி, அதன்மேல் தாளை மிகுந்த அழுத்தத்துடன் பதிப்பர். எனவே மை சற்றே மேடாக நிற்பதை விரல் உணரும். இரண்டாவது, ஒளிக்கு எதிரே பிடித்தல். தாள் செய்யும்போதே அதன் தடிப்பை இடத்திற்கிடம் மாற்றுவதால் நீர்க்குறி உண்டாகிறது. அதனோடு தாளினுள் பொதிந்த பாதுகாப்பு இழையும் தெரியும். மூன்றாவது, சாய்த்துப் பார்த்தல். 2002 முதல் 2005 வரை இவ்வரிசைத் தாள்களில் ஹாலோகிராம் சேர்க்கப்பட்டது. தாளைச் சாய்த்தால் அதன் நிறம் மாறும். இவற்றுக்குக் கருவி எதுவும் தேவையில்லை. கடைக்காரரும் வாங்குபவரும் தாமே சோதித்துக்கொள்ளலாம்.

எனினும், 2025 மே 31ஆம் நாளுக்குப்பின் இவ்வரிசைத் தாள்கள் கடைகளில் செல்லாதவை ஆயின. நீர்க்குறியும் இழையும் அப்படியே இருக்கின்றன. வங்கி அளித்த உறுதி மட்டும் நீங்கிவிட்டது. தாள் உண்மையானது என்பதைப் பாதுகாப்புக் கூறுகள் காட்டும். அதற்கு மதிப்பைத் தருவது வங்கியின் உறுதியே.

சொற்பொருள்
புடைப்புச் சிற்பம் – பின்புலத்திலிருந்து மேலெழுந்து தோன்றும் சிற்பம்
தழுவிய – பின்பற்றி அமைந்த
அரிது – கடினம்
பொதிந்த – உள்ளே வைக்கப்பட்ட

வினாக்கள்
1. பணத்தாளில் மனித முகத்தை அச்சிடுவதால் விளையும் பயன் யாது?
2. நீர்க்குறி எவ்வாறு உண்டாகிறது?
3. உண்மையான தாளும் செல்லாததாவது எப்போது? காரணம் கூறுக.

செயல்பாடு
பெற்றோரிடம் ரூபாய்த் தாள் ஒன்றைப் பெற்று, ஒளிக்கு எதிரே பிடித்துக் காண்க. கண்டவற்றை ஐந்து தொடர்களில் எழுதுக.