வானேரியும் வலம்வருவாரும்

பூமிசாஸ்திரமும் சமயபாடமும் ஒன்றற்கொன்று புறம்பானவை என்று மாணாக்கர் எண்ணும்படி பாடஞ் சொல்லுதல் தகாது. இரண்டனையும் ஒருங்கே விளக்குதற்கு ஏற்ற பொருள்களுள் திபெத்து தேசத்து நம்சோ என்னும் உவரேரி ஒன்றாம். அதனை வகுப்பிலே கற்பிக்கும் முறையை ஆசிரியர்களுக்குச் சுருங்க எழுதுகின்றோம்.

திபெத்து மொழியில் ‘நம்’ என்பது வான். ‘சோ’ என்பது ஏரி. இவ்வானேரி லாசா நகருக்கு வடமேற்கே, கடன்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 4,718 மீற்றர் உயரத்திலே, ஏறக்குறைய 2,000 சதுர கிலோமீற்றர் பரந்து கிடக்கின்றது. தெற்கே நியென்சென் தங்லா மலைத்தொடர் பனி மூடி நிற்கின்றது. அம்மலையைத் தலைவனாகவும் ஏரியைத் தலைவியாகவும் அந்நாட்டார் போற்றுவர்.

பனியுருகிய நன்னீர் சேரும் ஏரி உவர்ப்பாதல் எங்ஙனம் எனின், கூறுதும். ஆறுகள் கல்லையும் மண்ணையுங் கரைத்துச் சிறிது உப்பைக் கொணர்கின்றன. ஏரியினின்று வெளியே செல்லும் ஆறு இல்லை. நீர் ஆவியாய் நீங்க, உப்பு எஞ்சி நெடுங்காலமாகத் திரள்கின்றது. திருக்கைலாசத்தின் அயலிலுள்ள மானச வாவி நன்னீருடையது. அதனை அடுத்த இராட்சச தால் உவர்ப்புடையது. இவ்விரண்டும் மேற்குத் திபெத்தில் உள்ளன. நம்சோ அவற்றிற்குக் கிழக்கே நெடுந்தூரத்தில் உள்ளது. மாணாக்கர் மயங்காவண்ணம் இவற்றைத் தேசப்படத்திலே காட்டுக.

இனி யாத்திரிகரைக் குறித்துச் சொல்லுவாம். ஏரியை வலம்வருதலே அவர்க்குத் தலையாய வழிபாடு. பௌத்தர் வலமாகவும், பொன் என்னும் பழைய சமயத்தார் இடமாகவுஞ் சுற்றுவர். பன்னீராண்டு வட்டத்திலே குதிரை வருடம் கைலாசத்திற்கும், ஆட்டு வருடம் நம்சோவிற்குஞ் சிறந்தன என்பர். 2015, 2027 என்பன ஆட்டு வருடங்களாம். ஏரி முழுதுஞ் சுற்றுதற்குப் பல நாட் செல்லும். அது மாட்டாதார் குகைகளையுடைய டாஷி டோர் என்னுந் தீபகற்பத்தைச் சுற்றி அமைவர். சிலர் அடிதோறும் நிலத்தில் வீழ்ந்து வணங்கி, உடம்பினாலே வழியை அளந்து செல்வர்.

வழியை வேறுவகையால் அளந்தாரும் உளர். 1872 ஆம் ஆண்டிலே இந்திய நிலவளவைப் பகுதியாரால் அனுப்பப்பட்ட கிஷன் சிங் என்பவர் இவ்வேரிப் பிரதேசத்தை அளந்தனர். அக்காலத்து இவ்வாறு மறைவாக அனுப்பப்பட்டோர், 108 மணி கோத்த செபமாலைக்கு மாறாக 100 மணி மாலை ஏந்தி, நூறடிக்கு ஒருமணி தள்ளித் தூரங் கணித்தனர். தேசப்படம் அவ்வுழைப்பின் பயனாதலின், அதனையும் மாணாக்கர் மதித்தல் வேண்டும்.

ஆயினும், வீழ்ந்தெழுந்து செல்வாரைப் பற்றிக் கேட்டவுடன் வகுப்பிலே நகைப்பு எழுதலுங் கூடும். அப்பொழுது ஆசிரியர் வெகுளாது, பெரியபுராணத்தை நினைப்பித்தல் நன்று. திருநாவுக்கரசு சுவாமிகள் கைலாசயாத்திரையிலே கால் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும், அதன்பின் உருண்டுஞ் சென்றனர் அன்றோ? அச்சரித்திரத்தைக் கேட்டு உருகிய பிள்ளை, திபெத்து முதியவள் ஒருத்தி உறைபனியில் வீழ்ந்து வணங்குவதைக் கேட்டு நகைப்பானாயின், அவன் அச்சரித்திரத்தைப் பரீட்சைக்கு மாத்திரமே கற்றான் என்பது வெளிப்படை.

அவர் கொள்கை வேறு; நம் சித்தாந்தம் வேறு. அவ்வேறுபாட்டை மறைத்துக் கற்பித்தல் வேண்டா. உவர்ப்பின் காரணத்தையும் உள்ளவாறே சொல்லுக. பிறர் வருந்திச் செய்யும் வழிபாட்டை இகழாத மனமும், பொருளின் காரணத்தை ஆராயும் அறிவும் ஒரு பிள்ளையிடத்தே சேர்ந்து வளருமாயின், அப்பாடம் பயன்பட்டதாம்.